வெளிறல் சாவன்று

கடல்கோள் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நெஞ்சம் பின்னோக்கித்தான் ஓடும். இறையனார் களவியலுரை கூறும் கழகங்களும், பஃறுளியாறும், குமரிக்கோடும் கண்முன் எழும். கடல் கொண்ட தென்னாட்டைப் பற்றி மேடையிற் கலங்கிப் பேசாத தமிழுணர்வாளர் நம்முள் அரியர். இதனை எழுதுவோனும் அதற்கு விலக்கல்லன். ஆயின், நம் வாழ்நாளிலேயே கடல் கொண்ட தமிழ்நிலம் இரண்டுண்டு. அவற்றின் பெயரைச் சொல்ல நம்மில் எத்துணைப் பேரால் முடியும்?

விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்பன அவை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே, கரையையொட்டி மணி கோத்தாற்போற் கிடக்கும் மன்னார் வளைகுடாத் தீவுகள் 21. அவற்றுள் இவ்விரண்டும் இன்று நீருக்கடியில் உள்ளன. எஞ்சியவை 19. இவ்விரண்டையும் கடல் தானாக வந்து கொண்டதென்று சொல்லித் தப்பிக்க நமக்கு வழியில்லை. அலையைத் தடுத்து அத்தீவுகளைக் காத்து நின்ற பவளத்திட்டுகளை வெட்டிக் கரையேற்றியவர் நாம். காளவாயிலிட்டுச் சுட்டுச் சுண்ணாம்பாக்கியவர் நாம். வேலியைப் பிடுங்கியபின் மாடு மேய்ந்ததற்கு மாட்டையா நோவது?

கல்லூரியிற் படித்த காலத்தில், 1990ஐ ஒட்டிய ஓர் ஆண்டில், தோழர் சிலருடன் தூத்துக்குடிக் கரைக்குச் சென்றிருந்தேன். வெண்மையான கற்கள் குவியல் குவியலாகக் கிடந்தன. ஏதோ மலையிலிருந்து வந்த சுண்ணக்கல் என்றே நினைத்தேன். ஒன்றைக் கையிலெடுத்துப் பார்த்தால், அதன் முகமெங்கும் விண்மீன் விண்மீனாகப் பொறித்தாற்போன்ற நுண்குழிகள். எந்தச் சிற்பியும் அவ்வளவு பொறுமையாகச் செதுக்கான். அருகில் வலையுலர்த்திக்கொண்டிருந்த முதியவரைக் கேட்டேன். "அது கடல்ல வெளையிற கல்லு, தம்பி" என்றார். விளையும் கல்! அதன்பின் எத்தனையோ அறிவியல் நூல்களைப் புரட்டிவிட்டேன். அம்முதியவர் தந்ததைவிடச் சுருங்கிய விளக்கம் எனக்குக் கிடைக்கவில்லை.

ஆம், பவளத்திட்டு விளைவதே. மென்மையான சிற்றுயிர்கள் எண்ணிறந்தன ஓரிடத்தில் ஒட்டி வாழ்ந்து, கடல்நீரிலுள்ள சுண்ணத்தை வாங்கித் தம்மடியிற் கட்டிக்கொள்ளும் கூடுகளே பல நூற்றாண்டுகளில் திட்டாக வளர்கின்றன. அவ்வுயிர்களின் தசைக்குள்ளே கண்ணுக்குப் புலனாகா நுண்பாசிகள் குடியிருக்கின்றன. பாசி, கதிரவனொளியில் உணவு சமைத்து, அதிற் பெரும்பங்கைத் தன்னை வைத்திருக்கும் பவளத்துக்குக் குடிக்கூலியாகத் தருகிறது. பவளமோ பாசிக்கு உறைவிடமும் உரமும் தருகிறது. நாம் கண்டு வியக்கும் பழுப்பும் பசுமையும் பெரும்பாலும் அப்பாசியின் நிறங்களே.

இக்குடித்தனம் வெப்பத்தால் முறிகிறது. ஓரிடத்துக் கோடையின் இயல்பான உச்சத்துக்குமேல் ஒரு பாகையளவு நீர் சூடேறி, சில கிழமைகள் அப்படியே தங்கிவிட்டாற் போதும். சூட்டில் நிலைகுலைந்த பாசி, பவளத்தின் உடலுக்கு நஞ்சாவனவற்றை உண்டாக்கத் தொடங்குகிறது. பவளம் அதனை வெளியே தள்ளிவிடுகிறது. நிறம் போய்விடுகிறது; ஒளிபுகும் தசையினூடே வெள்ளெலும்பு தெரிகிறது.

இந்நிலைக்கு என்ன பெயரிடுவது? நாளிதழ்கள் 'வெளுப்பு' என்கின்றன. சில 'பிளீச்சிங்' என்று ஆங்கிலத்தையே எழுதி அமைகின்றன. வெளுத்தல் அழுக்கு நீக்கித் தூய்மை செய்யும் தொழில், துணிக்குப் பொருந்தும். பவளத்துக்குப் பொருந்துவது 'வெளிறல்'. உள்ளே காழ் ஏறாத மரத்துக்கு நம் முன்னோர் 'வெளிறு' என்று பெயரிட்டனர். அறியாமைக்கும் அச்சொல்லையே வள்ளுவர் ஆண்டுள்ளார். பவளத்தில் இம்முறை தலைகீழாகிவிட்டது: காழாகிய கல் நிற்க, மேலே போர்த்த உயிர் வெளிறுகிறது. சொல்லாய்வுக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. காய்ச்சலில் வெளிறிய முகம், காய்ச்சல் தணிந்ததும் மீண்டும் குருதியோட்டம் பெறுகிறதன்றோ? பவளமும் அவ்வாறே. வெளிறிய பவளம் செத்த பவளமன்று. அது பட்டினி கிடக்கும் பவளம். தன் நுண்கைகளால் நீரில் மிதக்கும் இரையைப் பற்றியுண்டு சில கிழமைகள் தாங்கும். வலிய இனமாயின் அதற்கு மேலும் தாங்கும். அதற்குள் கடல் குளிர்ந்துவிட்டால், பாசி மீண்டும் குடியேறும், நிறம் திரும்பும். குளிராவிடின் பவளம் மடியும். மடிந்த கல்லின்மேல் வேறு பாசி மயிர்போற் படர்ந்து மூடிக்கொள்ளும்.

வெளிறலுக்கும் சாவுக்கும் இடையிலுள்ள அந்தச் சிறிய இடைவெளியைப் பற்றியே நாம் பேச வேண்டும். மாந்தனால் ஏதேனும் செய்ய இயலுமாயின், அவ்விடைவெளியிலும் அதற்குப் பின்வரும் ஆண்டுகளிலுமே இயலும்.

மன்னார்க் குடாவின் கணக்கைப் பாருங்கள். மேழம், விடைத் திங்கள்களில் (சித்திரை, வைகாசி) காற்று ஓய்ந்து கடல் கண்ணாடிபோற் கிடக்கும் நாள்களில் நீர் 30 பாகை செல்சியசைக் கடக்கிறது. பின்னர்க் கச்சான் வீசி நீரைக் கலக்கியதும் தணிகிறது. 2005 முதல் பெரும்பாலான கோடைகளில் அங்கே சிறிதளவேனும் வெளிறல் நேர்ந்துவருவதைத் தூத்துக்குடிச் சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் முக்குளித்துக் கண்டு பதிந்துள்ளனர். திட்டுகளில் உயிருள்ள பவளம் போர்த்திருந்த பரப்பு 2005இல் 37 விழுக்காடு. 2009இல் அது ஏறத்தாழ 43 ஆயிற்று. 2010இன் கொடுங்கோடை அதனை 33க்கு வீழ்த்தியது. மீண்டும் மெல்ல ஏறி 2015இல் 39 ஐ எட்டியது. 2016இல் வந்த பெருவெளிறல் 23க்குத் தள்ளிவிட்டது.

இவ்வெண்களைப் படிக்கும் எவரும் வீழ்ச்சியையே காண்பர். நான் ஏற்றத்தையும் காண்கிறேன். 37ஐ 43 ஆக்கியது யார்? 33ஐ 39 ஆக்கியது யார்? எந்த அமைச்சரும் திறந்துவைத்து ஏற்றிய ஏற்றமன்று அது. கடலே ஏற்றியது, நாம் கையை எடுத்துக்கொண்டதால் ஏற்றியது. அக்கை எடுக்கப்பட்ட கதையை நம் பிள்ளைகள் அறிய வேண்டும்.

1970களின் தொடக்கத்தில் மன்னார்க் குடாவிலும் பாக்கு விரிகுடாவிலுமாக ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ 60,000 கனமீட்டர் பவளக்கல் வெட்டியெடுக்கப்பட்டதென அக்காலத்து மீனியல் ஆய்வாளர் கணக்கிட்டனர். வீடு கட்டவும், சுண்ணாம்பு சுடவும், ஆலைகளுக்கு முதற்பொருளாகவும் அது சென்றது. தனுக்கோடியில் 1964ஆம் ஆண்டுப் புயலுக்குப்பின் இடிந்து நிற்கும் கோயிற்சுவரை அண்மையிற் சென்று பார்த்தவர்கள் அறிவர்: அது பவளக்கல்லால் எழுப்பிய சுவர். (எங்கள் முதலியார்பேட்டைப் பழைய வீடுகளின் சுவரில் பூசியது கிளிஞ்சற் சுண்ணாம்பு, ஆகவே நாம் தூயர் என்று தோள்தட்டிக்கொள்ள வேண்டா. அருகில் பவளத்திட்டு இருந்திருந்தால் நாமும் அதைத்தான் சுட்டிருப்போம்.) 1986இல் இத்தீவுகளைச் சூழ்ந்த 560 சதுரக் கிலோமீட்டர் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1989இல் 10,500 சதுரக் கிலோமீட்டர்ப் பரப்பு உயிர்க்கோளக் காப்பகமாயிற்று. ஆயினும், கல்வெட்டு நிற்கவில்லை. 2001இல் கற்பவளம் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதற்பட்டியலில், புலிக்கும் யானைக்கும் இணையாக வைக்கப்பட்டபின்னும் கமுக்கமாகத் தொடர்ந்தது. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின்னரே, அலைக்கு முன்னால் திட்டு என்பது என்ன என்று கரை மக்கள் கண்ணாற் கண்டபின்னரே, அது முற்றும் ஓய்ந்தது. அவ்வாறு ஓய்ந்த அடுத்த நான்காண்டில் நிகழ்ந்ததே 37 என்பது 43 ஆன ஏற்றம்.

கடலின் காய்ச்சலைத் தணிப்பது நம் கையில் இல்லை. நிலக்கரியும் கன்னெய்யும் எரித்து இவ்வுலகைச் சூடேற்றிய வல்லரசுகள் மனம் வைத்தாலன்றி அது தணியாது. முதலியார்பேட்டையில் அமர்ந்து தலையங்கம் எழுதினால் ஒரு பாகையும் இறங்காது. உலகளாவிய பெருவெளிறல் 1998இல் ஒருமுறை, 2010இல் ஒருமுறை, 2014 முதல் 2017 வரை ஒருமுறை என்று வந்து, நான்காவதாக ஒன்று 2024இல் உலகறிய அறிவிக்கப்பட்டது. இலக்கத்தீவுகளும் அதிற் கடுமையாக அடிபட்டன. ஒன்றிலிருந்து மீண்டு எழுவதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. இந்நிலையில் நாம் செய்யத்தக்கது ஒன்றே. காய்ச்சலிற் கிடப்பவனை அடிக்காமலிருக்கலாம். அவன் வாயில் மண்ணைப் போடாமலிருக்கலாம்.

மண் போடுவது எது? முதலாவது, பாசி. பிலிப்பைன்சுக் கடலுக்குரிய 'கப்பாபைக்கசு' என்னும் பாசி, அதிலிருந்து எடுக்கும் கூழ்ப்பொருளுக்காக 1980களில் ஆய்வுக்கென இந்நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு, மண்டபத்தையொட்டிய கடலில் வளர்த்துப் பார்க்கப்பட்டது. பின்னர்ப் பன்னாட்டுக் குளிர்பான நிறுவனமொன்று அதனை வணிகப் பயிராக்கியது. கரை மக்கள் இன்றளவும் அதனை அந்நிறுவனத்தின் பெயராலேயே அழைக்கின்றனர். பயிர் வேலிக்குள் நிற்கவில்லை. 2008இல் குருசடைத்தீவின் உயிருள்ள பவளத்தின்மேல் அது பாய்போற் படர்ந்து மூடியிருந்ததை ஆய்வாளர் வெளியிட்டனர். பின்னர்ப் பக்கத்துத் தீவுகளிலும் கண்டனர். அதன் கொடுமை என்னவென்றால், கிள்ளி எறிந்த துண்டும் முளைக்கும். ஒளியை மறைத்துப் பவளத்தை மூச்சுத் திணறச் செய்யும். வெளிறித் தளர்ந்த பவளத்துக்கு இதைவிட வேறு கேடு வேண்டுமா? அயற்சொல் ஒன்று நுழைந்து தாய்ச்சொல்லை மூடி மறைப்பதைப் பார்த்துப் பழகிய நம் கண்ணுக்கு இக்காட்சி புதியதன்று. ஆனால் உவமையோடு நின்றுவிடலாகாது. அயற்சொல்லைக் களைய எழுதுகோல் போதும்; இப்பாசியைக் களைய, மூழ்கிச்சென்று, பவளம் முறியாமல், ஒரு துணுக்கும் விடாமல் கையாற் பிடுங்க வேண்டும்; பலமுறை பிடுங்க வேண்டும். வனத்துறையார் அதைச் செய்து வருகின்றனர். மறுபுறம், இராமநாதபுர மாவட்டத்து வலமாவூரில் 127 கோடி உருபாவில் கடற்பாசிப் பூங்கா அமைக்க 2023இல் நடுவணரசு கால்கோள் விழா நடத்தியது. பாசி வளர்ப்பால் ஏழைப் பெண்களுக்கு வருவாய் வருவதை யாம் எதிர்க்கவில்லை. நம் கடலுக்கே உரிய பாசிகள் பல இருக்க, பவளத்திட்டுக்கு அருகே இந்த அயற்பாசியையே வளர்க்க வேண்டுமா என்றுதான் கேட்கிறோம்.

இரண்டாவது, மீன். மடிந்த கல்லின்மேற் படரும் பாசியை மேய்ந்து துப்புரவாக்கினால்தான் பவளக் குஞ்சுகள் அங்கே ஒட்டி வளர முடியும். அந்த மேய்ச்சலைச் செய்வன ஓராவும், கிளியலகு போன்ற வாயுடைய கிளிமீனும், அவை போன்றனவும். இவற்றைப் பெருமளவில் வாரிவிட்டால் திட்டு பாசிக்காடாகும். நடு அமெரிக்காவின் பெலீசு என்னும் சிறு நாடு இவ்வுண்மையை உணர்ந்து 2009இல் கிளிமீன் பிடிப்பதையே தடைசெய்தது. நம் கடலில் விசைப்படகின் இழுவைமடி, மேய்ப்பனையும் வாரி மேய்ச்சல் நிலத்தையும் உழுதுவிடுகிறது. அறுந்து தொலைந்த வலைகள் மான்கொம்புப் பவளத்திற் சிக்கி, அலை ஆட்ட ஆட்ட அதனை முறிக்கின்றன. கரையோர நகர்களின் கழிவுநீர் பாசிக்கு உரமாகிறது. இவற்றுள் ஒன்றுகூட வெப்பத்தால் வந்ததன்று. அனைத்தும் ஆட்சியும் ஊரும் நினைத்தால் நிறுத்தத்தக்கவை. 2016இல் தாய்லாந்து அரசு, வெளிறிய திட்டுகள் சிலவற்றில் சுற்றுலா முக்குளிப்பை நிறுத்திக் கடலை ஓய்வெடுக்க விட்டது. அவ்வாறு செய்ய அதற்கு மனம் வந்தது.

நட்டு வளர்த்தல் பற்றியும் சொல்ல வேண்டும். முன்சொன்ன தூத்துக்குடி நிறுவனத்தார் 2002 முதல் பவளக் கிளைகளைச் சிறு துண்டாக எடுத்துச் சிமிட்டிப் பலகைகளிற் கட்டி, கடலடியிற் சட்டங்களின்மேல் வைத்து வளர்த்து வருகின்றனர். கிளைப்பவளம் ஆண்டுக்கு ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் நீளும். உருண்டைப் பவளமோ ஓரிரு சென்டிமீட்டர்தான். இதில் ஓர் இடர் உண்டு. விரைந்து வளரும் கிளைப்பவளமே வெப்பம் வந்தால் முதலில் மடிவதும். எனவே, கொடுங்கோடையைத் தாங்கிப் பிழைத்த தாய்த்திட்டுகளிலிருந்து நாற்றெடுப்பதே அறிவு. உழவன் வறட்சியைத் தாங்கிய கதிரை விதைக்கு எடுத்துவைப்பது போல. வான்தீவு 1986இல் 16 எக்டேராக இருந்து 2014இல் 2 எக்டேராகச் சுருங்கியது. அதனைச் சுற்றிச் சிமிட்டியாற் செய்த துளைக்கட்டைகள் பத்தாயிரத்துக்கு மேல் இறக்கப்பட்டபின், அரிப்புத் தணிந்து மணல் சேர்ந்தது; கட்டைகளின்மேல் பவளமும் ஒட்டத் தொடங்கியது. 1969இல் 21 எக்டேராக இருந்து இன்று அதிற் சிறுபங்கே எஞ்சியுள்ள காரியசல்லிக்கும் அவ்வாறே செய்யத் தமிழ்நாட்டரசு முனைந்துள்ளது. புதுவையினர்க்கு இது வியப்பாகத் தோன்றாது. துறைமுகச் சுவர் எழுந்தபின் நம் கடற்கரை மணல் போய்க் கருங்கல் மட்டும் எஞ்சியதையும், 2018இல் தலைமைச் செயலகத்தின் எதிரே நீருக்கடியில் ஒரு தடுப்பு இறக்கியபின் மணல் திரும்பியதையும் நாம் கண்டிருக்கிறோம். ஆயினும், கட்டை கட்டைதான். அது அலையைத் தடுக்கும், விளையாது. மற்ற அடிகளை நிறுத்தாமல் கட்டையை மட்டும் இறக்கிக்கொண்டிருப்பது, ஓட்டைப் பானையில் நீரூற்றும் வேலை.

இனி, எல்லாவற்றிலும் எனக்கு உறுத்தலான செய்தி. இராமநாதபுரக் கரையில் தலைமுறைகளாக மூழ்கிப் பாசியெடுத்துப் பிழைக்கும் பெண்கள் ஆயிரக்கணக்கினர். பூங்கா என்று கோடு கிழித்தபோது, அவர்களைக் கேட்டுக் கிழிக்கவில்லை. காலங்காலமாகச் சென்ற தீவுக்குச் செல்வதே குற்றமாயிற்று. அவர்கள் என்ன செய்தனர்? தமக்குள் கூடிப் பேசி, திங்களுக்கு 12 நாள் மட்டுமே கடலில் இறங்குவதென்று தாமே வரையறுத்துக்கொண்டனர். மீன்பிடித் தடைக்காலத்தில் தாமும் ஓய்ந்திருந்தனர். 2015இல் பாம்பனை அடுத்த சின்னப்பாலத்தைச் சேர்ந்த அவர்கள் தலைவி ஒருவர்க்கு அமெரிக்காவிலுள்ள தீவுக் காப்பமைப்பு ஒன்று பரிசளித்துப் போற்றியது. வெளிநாட்டான் மாலையிட்டபின்தான் நம் நாளிதழ்கள் அவரைக் கண்டன. கடலடியில் எந்தக் கல் வெளிறியிருக்கிறது, எந்தக் கல்லில் நிறம் திரும்பிவிட்டது என்பதை ஆண்டு முழுதும் கண்ணாற் காணும் இப்பெண்களைவிடச் சிறந்த காவலர் எந்தத் துறைக்குக் கிடைப்பர்? வெளிறல் தொடங்கிய அன்றே அவர்கள் சொல்ல, அந்தத் திட்டில் வலையும் படகும் கூலிச் சுற்றுலாவும் அக்கோடை முடியும்வரை நிற்க, அதனால் இழக்கும் நாட்கூலியை அரசு ஈடுசெய்ய ஓர் ஒழுங்கு வேண்டும். பல கோடி விழுங்கும் சிமிட்டிக் கட்டையைவிட இதற்கு ஆகும் செலவு சிறிது.

அவ்வொழுங்கு நடக்க வேண்டுமாயின் அலுவலரும் கடலாடியும் ஒரே மொழி பேச வேண்டும். இன்று திட்டுகளைப் பற்றிய ஆய்வுரைகளும் மேலாண்மைத் திட்டங்களும் ஆங்கிலத்திலேயே எழுதப்பெறுகின்றன; முக்குளிப்பவர் கைக்கு அவை வருவதில்லை. வந்தாலும் பயனில்லை. ஆனால் அக்கரையில் சொல்லுக்கா பஞ்சம்? திட்டுக்குப் 'பார்' என்று பெயர். முத்துப்பார் என்பது ஏடறிந்த சொல். ஈழத்தார் பவளக்கல்லை 'முருகைக்கல்' என்பர். விலங்குசல்லி, காரியசல்லி, புழுவினிசல்லி என்று தீவுப் பெயரிலேயே உடைகல்லைக் குறிக்கும் 'சல்லி' நிற்கிறது. கச்சான், கொண்டல், வாடை, சோழகம் என்று காற்றுக்கு நான்கு பெயர் வைத்தவர்கள், நீர் சூடாகும் நாளையும் தணியும் நாளையும் அக்காற்றாலேயே கணித்துச் சொல்வர். மன்னார்க் குடாவில் அதுவரை அறியப்பட்ட கற்பவள இனங்கள் 117 என்று 2007இல் அறிவியலார் எண்ணினர். அவற்றுள் எத்தனைக்குக் கடலாடிகளிடம் பெயர் இருக்கிறது என்று எவரும் எண்ணியதாகத் தெரியவில்லை.

ஆதலின், இவ்விதழைப் படிக்கும் வேதாளை, கீழக்கரை, ஏர்வாடி, வேம்பாறு, தூத்துக்குடிக் கரை அன்பர்கள், தங்கள் ஊர்க் கடலாடிகள் பவள வகைகளையும், திட்டு மீன்களையும், பாசிகளையும், வெளிறிய கல்லையும், செத்த கல்லையும் எப்பெயரால் வழங்குகின்றனர் என்று கேட்டெழுதி அனுப்புமாறு வேண்டுகிறோம். சொல்லை மட்டும் எழுதாமல், சொன்னவர் எத்தொழிலர், எத்துறையினர், எப்பாரில் அதைக் கண்டவர் என்பதையும் சேர்த்தெழுதுக. முத்துக்குளித்த குடும்பத்து முதியவர் இருப்பின் முதலில் அவரைக் கேட்டுவிடுக. வந்தவற்றைத் தொகுத்து வரும் இதழ்களில் வெளியிட்டு, வனத்துறைக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் படியனுப்புவோம்.